கீழே வளரும் கோயில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்க மகன் வணக்கத்தோட எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுறாரா?

இப்ப ஒரு கோயில் வேலை. இந்த நாட்டுல ரொம்பக் கொஞ்சமா இருக்கிற ஒரு சனத்துக்குக் கட்டுறோம். பக்கத்துக் கடைகளைவிட உயரக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுமதி கொடுத்திருக்காங்க. உள்ளே நிமிர்ந்து நின்னு கும்பிடவாவது உயரம் வேணுமே, அதனால தரையைத் தோண்டிக்கிட்டே போறோம். சாமி மேலே இருக்கார், நாம எதிர்ப்பக்கமா போறோம்னு நான்தான் கிண்டல் பண்ணுவேன்.

நேத்து கொஞ்சம் மண் சரிஞ்சது. இடுப்பு வரைக்கும்தான். தண்ணி இறைக்கிற மோட்டார் சத்தத்துல நான் கத்தினது மேலே யாருக்கும் கேக்கலை. வேலை எவ்வளவு ஆச்சுன்னு எட்டிப் பார்க்க வந்த அந்தச் சனத்து அம்மா ஒருத்தங்கதான் பார்த்துட்டு ஆளுங்களைக் கூட்டி வந்தாங்க. எல்லாரும் வெறுங்கையால மண்ணை அள்ளினாங்க. "எங்களுக்குக் கோயிலே வேண்டாம், நீ ஏறி வாப்பா"ன்னு அந்தம்மா அழுதுட்டாங்க. மேஸ்திரி விடலை. நாளைக்கு இன்னும் ஆழமாப் போகணுமாம். கிளம்பிடலாம்னா பாஸ்போர்ட் அவர் கையில இருக்கு.

நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. இங்க வர்ற ஆள்கிட்ட ஒரு தைலமும் ரெண்டு பனியனும் கொடுத்து விடுங்க. அப்பா கண்டக்டரா இருந்தப்ப ஊதின விசில் பீரோவுல கிடக்குமே, அதையும் வைங்க. எவ்வளவு கூட்டத்துலயும் டிரைவருக்குக் கேக்குமே, அது. எதுக்குன்னு அவர்கிட்ட சொல்ல வேண்டாம்.

வண்டி வந்துடுச்சு, கூப்பிடுறாங்க. தைலம் இல்லைன்னாலும் பரவாயில்லை. விசிலை மட்டும் மறந்துடாதீங்கம்மா.