கணக்கில் வராத சாணி

1959, மார்கழி 26.

புதுத் தீவனம் எவ்வளவு செரிக்கிறது என்று அறிய, பசு தின்றதிலிருந்து அது போட்ட சாணியின் எடையைக் கழித்துச் சமன்பாட்டில் போட்டேன். சாணி குறைவாக இருந்தது. நன்றாகச் செரிக்கிறது என்று எழுதிப் புண்ணாக்கை நிறுத்தச் சொன்னேன். பசு இளைத்துக்கொண்டே போனது.

இன்று விடியுமுன் உப்பளத்தில் உள்ள மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். மாடு பார்க்கும் அஞ்சலை கூடை நிறையச் சாணியோடு வெளியே வந்தாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"வாசல் தெளிக்கத்தான் சார். மார்கழி ஆச்சே, தெருவுக்கே நான்தான் குடுக்குறேன்."

"தினமுமா?"

"ஆமா சார். நீங்க நிறுக்க வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

அவளை என்ன சொல்வது? நான் கேட்கவே இல்லையே.

மத்தியானம் பசு செத்துவிட்டது.

கணக்குத் தாளைக் கிழிக்க எடுத்தேன். அதில் பசு இன்னும் நன்றாகத் தின்று செரித்துக்கொண்டிருக்கிறது. கிழிக்கக் கை வரவில்லை.