கதவில் இருந்த சொல்

நைனாவுக்கு, பூவரசன் கும்பிட்டு எழுதுறேன். உன் முட்டி வலி இப்ப எப்படி இருக்குது? மஸ்கட்ல நான் நல்லாத்தான் இருக்கேன்.

ரூம்ல யாரோ விட்டுட்டுப் போன சின்னப் பசங்க கதைப் புக்கு ஒண்ணு படிச்சேன். செவ்வாய் கிரகத்துல ஒரு அண்ணனும் தங்கச்சியும் மெஷினுக்குள்ள மாட்டிக்கிறாங்க. கதவுல ‘பாடு’ன்னு ஒரே சொல்லு. நம்ம ஏரியில பாடுன்னா ஆள் மாத்தி ஆள் வலை போடுற முறைதானே? அவங்களும் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு நினைச்சேன். இன்னாடான்னா, அவங்க பாட்டு பாடுறாங்க, கதவு தொறந்துக்குது! சிரிச்சுக்கினே அன்னிக்கு கம்பெனி பஸ்ஸை விட்டுட்டேன். கொஞ்சம் திட்டு, அவ்ளோதான். நம்ம செவ்வந்தியைக் கேளு, பாடுன்னா முறைதான்னு அவளும் இந்த அண்ணன் மாதிரியேதான் சொல்லுவா.

யாராச்சும் இங்க வந்தா காஞ்ச எறா குடுத்தனுப்பு. என் வலையை எலி கடிக்காம பாத்துக்கோ. இன்னிக்கு பஸ் வந்துடுச்சு. ஊர்க் கூட்டத்துல ஏரியில என் வலைப் பாட்டை வேற யாருக்கும் குடுக்க விடாத, நைனா. இங்க கம்பெனி விட்டு, எனக்கும் கதவு தொறந்ததும் வந்துடுவேன்.