வாசல் கொடி

அன்புள்ள கோபக்காரிக்கு,

காட்டு நடைபாதை ஓரம் இந்த மாதம் முழுக்க ஒரே கொடியைத்தான் பிடுங்குகிறோம். எங்கிருந்தோ வந்து, மரங்களை மூடியே கொன்றுவிடுகிறது. மஞ்சள் பூ. ஆமாம், நம் வாசலில் நீ வைத்த அதே கொடிதான்.

நேற்று வீட்டுப் பக்கம் வந்த மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"ஏன்யா, உபதேசம் ஊருக்குத்தானா? இதோட விதை பறந்துச்சுன்னா நம்ம வேலையெல்லாம் வீண். பிடுங்கிப் போடு."

"அவ வெச்சதுங்க. அவ வரட்டும்."

"எப்ப வர்றாங்க?"

நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

விதை பிடிக்கக் கூடாதே என்று தினமும் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு பூவாகக் கிள்ளுகிறேன். வேரில் கை வைக்க மனசு வரவில்லை.

அடுத்த வாரம் வேறு காட்டுக்கு அனுப்புகிறார்கள்; ஒரு மாதம் அங்கேயே தங்கல். பூக் கிள்ள இங்கே ஆளிருக்காது.

அதைப் பிடுங்கிப் போடுவதற்காவது வா.

உன் வீட்டுக்காரன்