சிறுகுறிஞ்சானும் இடது பெருவிரலும்

ஐப்பசி 4, செவ்வாய்
விடாத மழை. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் வாசலெல்லாம் சேறு. வலது காலில் சப்பாத்து, இடது காலில் சிலிப்பர். ரயில்வே ஆபீஸில் இன்றும் அதே கேலி. பெருவிரல் புண் காய்ந்த மாதிரி. மாதிரிதான்.

நாளை சோதனை. டாக்டர் தந்த ஒரு மாதக் கெடு முடிகிறது. சிறுநீரில் சர்க்கரை குறைந்தால் விரல் தப்பும். இல்லாவிட்டால் வெட்டு. சிறுகுறிஞ்சான் இலை தவறாமல் தின்றாயிற்று. சோறும் பாதி, அவர் உத்தரவு. அழுதுகொண்டே.

கிள்ளான் கடையில் வாங்கிய புது இலை அசலா என்று மனைவி செல்லம் மென்று பார்த்தாள், பிறகு ஒரு சிட்டிகை சீனி. "சீனி மண்ணு மாதிரி இருக்குங்க, இனிப்பே தெரியல. அசல்தான்."

5, புதன்
போச்சு.

செல்லம் தந்த போத்தலில் சிறுநீர் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் நீல மருந்தில் சொட்டுவிட்டுக் காய்ச்சினார். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம்.

"என்ன அண்ணே, முன்னவிட மோசமா இருக்கே! களவா இனிப்பு சாப்பிட்டீங்களா?"

சத்தியமாக இல்லை. நம்பவில்லை. விரலை வெட்டத் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிச் சீட்டு. இலைப் பொட்டலத்தைச் சாக்கடையில் எறியப் போனேன், செல்லம் பிடுங்கிக்கொண்டாள். பயமாக இருக்கிறது. விரலோடு நிற்குமா?

6, வியாழன்
வெயில். லீவு. சோறு இறங்கவில்லை.

அடுப்படியில் கூச்சல். "ஏங்க, இங்க வாங்க!" அலமாரியில் ஒரு பழைய தக்கை, சுற்றி எறும்பு.

"இது தேன் போத்தல் தக்கைங்க. சின்னவ இருமலுக்கு வாங்கினது. அந்தப் போத்தலைத்தான் நேத்து உங்களுக்குக் குடுத்தேன். தக்கை ஒட்டுதுன்னு துணிய அடைச்சேன்."

"கழுவினியா?"

"பச்சைத் தண்ணியில ஒரு அலசு."

கோபம் வந்தது. பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அழுதாள்.

7, வெள்ளி
புதுப் போத்தல். வெந்நீரில் நானே கழுவினேன்.

"மறுபடியுமா லா?" டிரெஸர் முகம் சுளித்தார். தேன் கதை சொன்னேன். காய்ச்சினார். நீலம், கொஞ்சம் பச்சை. அப்புறம் மாறவே இல்லை. டாக்டர் புண்ணை அமுக்கிப் பார்த்தார். திங்கட்கிழமைச் சீட்டைக் கிழித்தார். அப்பாடா!

சோறு குறைத்ததால் என்கிறார் அவர். இலைதான் என்கிறாள் செல்லம். இரண்டையும் விடப்போவதில்லை.

8, சனி
தூறல். முருங்கைக்கீரை, மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். இடது சப்பாத்தில் பூஞ்சணம். போட இன்னும் நாளாகும். துடைத்து அதற்கும் பாலிஷ்.