தம்பி கையில் என் வாட்ச்

சங்கரன்கோவில்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா தூங்குகிறாள். சத்தமில்லாமல் எழுதுகிறேன்.

வீசிங் வரும் பிள்ளைகளை ஆராய்ச்சி செய்கிற டாக்டர் எனக்கு வாட்ச் கொடுத்தாரே, ராத்திரி மூச்சு எப்படி இருக்கிறது என்று தினமும் காலையில் அவர் போனுக்கே காட்ட? அம்மா அதைத் தம்பி கையில் கட்டிவிடுகிறாள். “பொட்டப்பிள்ளைக்கு நோயின்னு தெரிஞ்சா எவம்ட்டி கட்டுவான்?” என்கிறாள்.

இன்று டாக்டர் வாட்ச் கணக்கைப் பார்த்துவிட்டு, “நல்லாத் தேறிட்டியே! மருந்தைக் குறைச்சிரலாம்” என்றார். அம்மா சிரித்தாள். எனக்கு இப்போதும் உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது.

அதனால் வாட்ச்சை அவிழ்த்து நானே கட்டிக்கொண்டேன். தம்பி முழித்து, “ஏக்கா, காலையில எனக்குத் தந்திரணும்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அம்மாவிடம் திட்டாமல் பேசுங்கள், கேட்பாள். காலையில் டாக்டர் என் மூச்சைப் பார்த்துவிடுவார், அப்பா.

உங்கள் மகள்