அந்த வரியை அடிக்க மாட்டேன்

தில்லி
12-8-1974

அன்புள்ள தம்பி அப்பாதுரைக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வருடம் நான் நம் ஊர் பிள்ளையார்பாளையத்துக்கு அழைத்து வந்த மூளை ஆராய்ச்சிப் பேராசிரியரை மறந்திருக்க மாட்டாய். தறியில் உட்கார்ந்திருந்த உன் தலையில் கம்பிகளை ஒட்டியபோது, "இன்னா சார், என் தலைல பாவு நூலு போடுறியா?" என்று கேட்டாயே, அவர்தான்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியர் எதை ஆராய்கிறார் என்று மாணவர்களுக்குச் சொல்லும் கையேட்டை நான் தட்டச்சு செய்கிறேன். இவர் தன் பெயருக்கு நேரே, "எழுத்தறிவற்ற நெசவாளர்களின் நினைவாற்றல்" என்று எழுதியிருக்கிறார். தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவன் நீ! உன்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

போய்ச் சண்டை போட்டேன். "ஒரு வார்த்தைதானே, மேடம்" என்று சிரித்தார்.

"உங்கள் பெயருக்குப் பக்கத்தில் கவனக்குறைவானவர் என்று அடிக்கட்டுமா? அதுவும் ஒரு வார்த்தைதான்" என்றேன்.

உனக்குப் படிக்கத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். வேலை போனாலும் சரி, அந்த வரியை நான் அடிக்க மாட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி கையேடு அச்சுக்குப் போகிறது. உடனே உன் கையால் அவருக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கும் தனியாக நாலு பக்கம் எழுது. இங்கே தமிழில் பேச ஆளில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எல்லார் முன்னாலும் நானே படித்துக் காட்டுகிறேன்.

உன் அக்கா,
சம்பூர்ணம்