நடுநடுவே நல்ல இடம்

ஜூன் 3

பிரியமுள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். மலத்தோடு இரத்தம் போவது நிற்கவில்லை. தையல் யூனிட்டில் நான் மிஷினை விட்டு எழுந்தாலே சூப்பர்வைசர், "மகாராணி கிளம்பிட்டாங்க, வழி விடுங்க" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

திங்கட்கிழமை கேமரா விட்டுக் குடலைப் பார்க்கப்போகிறார்கள். உனக்கு வந்த பெருங்குடல் புண்ணாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வியாதியைப் போய் யாராவது வேண்டுவார்களா? ஆனால் நீ பெருங்குடலை எடுத்துவிட்டு ஸ்கூல் வேன் ஓட்டுகிறாயே! எனக்கும் எடுத்துவிட்டால் போதும்.

பொங்கிப் போடுகிறேன், வா என்று எத்தனை முறை கூப்பிட்டாயிற்று. நீ எட்டிப் பார்க்கக் காணோம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் பாப்பா


ஜூன் 6

என் பாப்பாவுக்கு,

கேமரா விடுவதற்கு முன் குடிக்கச் சொல்லும் பேதி மருந்தை நன்றாகக் குளிர வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி. அன்று முழுக்க பாத்ரூம் உனக்குத்தான் என்று மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

என்னைப் பார். சிறுகுடல் நுனியை மடித்து உள்ளேயே பை மாதிரித் தைத்தார்கள். ஏழு வருடமாக அதை வைத்துத்தான் காலம் ஓடுகிறது. நீயும் தேறிவிடுவாய்.

வேலை கொஞ்சம் அதிகம், அதனால்தான் வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்


ஜூன் 17

அண்ணா,

அரை மயக்கத்தில் திரையை நானும் பார்த்தேன். பிறகு டாக்டரம்மா படங்களை வைத்துச் சொன்னார்: "உங்க அண்ணனுக்கு வந்ததா இருந்தா, ஆசனவாய் பக்கத்துலயே ஆரம்பிச்சு இடைவெளியே இல்லாம மேல வரைக்கும் புண்ணா இருக்கும்மா. உங்களுக்கு அந்த இடம் சுத்தமா இருக்கு. அப்புறம் ஆழமா ஒரு புண்ணு, கொஞ்சம் நல்ல இடம், மறுபடி புண்ணு. சிறுகுடல் கடைசியிலயும் இருக்கு."

சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்ததில் காசநோய் இல்லை. குரோன்ஸ் என்கிற வேறொரு குடல் நோய் என்கிறார்கள்.

"எடுத்துட்டா சரியாயிடும்ல?" என்றேன்.

"புண்ணான இடத்தை எடுக்கலாம்மா. ஆனா மிச்சம் இருக்குற குடல்ல திரும்ப வரும். மருந்துதான், தொடர்ந்து."

திரையில் நடுநடுவே நல்ல இடம் வந்தபோதெல்லாம் நான் சந்தோஷப்பட்டேன், அண்ணா. அதுதான் கெட்ட செய்தியாம்.

நீ தப்பித்தாய். நன்றாக இரு. இனிமேல் "என்னைப் பார்" என்று மட்டும் எழுதாதே. கொஞ்ச நாளைக்கு எழுதவே வேண்டாம்.

தங்கை


ஜூன் 24

பாப்பா,

எழுதாதே என்றாய். மனசு கேட்கவில்லை.

பிப்ரவரியிலிருந்து நான் வேன் ஓட்டவில்லை. பிள்ளைகளை வண்டியில் விட்டுவிட்டு நடுவழியில் கழிவறை தேடி இறங்கி ஓடினேன். இரண்டாம் தடவை சாவியை வாங்கிக்கொண்டார்கள். தெரிந்தால் ஆபரேஷன் என்றாலே நீ மிரண்டுவிடுவாய் என்று அண்ணியின் வாயையும் கட்டிப்போட்டேன்.

நேற்று எனக்கும் கேமரா. உள்ளே தைத்த பையில் புண். அதற்கு மேலே சிறுகுடலில் கொஞ்சம் நல்ல இடம், பிறகு மறுபடி புண். "அப்ப உங்க பெருங்குடல் முழுக்க வெந்து கிடந்துச்சு. ரெண்டுல எதுன்னு பிரிச்சுப் பார்க்கவே முடியல. இப்பதான் தெரியுது" என்றார் டாக்டர்.

உன்னுடையதுதான் எனக்கும். ஆரம்பத்திலிருந்தே அதுதானாம்.

அடுத்த வியாழக்கிழமை அந்தப் பையை எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு வெளியே பை வைக்கிறார்கள். இனி அது கூடவே இருக்கும். அண்ணி அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

அண்ணன்


ஜூன் 28

என் அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் மனசு லேசாகிவிட்டது. ஒரு நொடிதான், துணைக்கு ஆள் கிடைத்தது போல. அப்புறம்தான் நீ எழுதியிருந்தது உறைத்தது. நானெல்லாம் ஒரு மனுஷியா என்று வெகுநேரம் அழுதேன். இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

நாளை மறுநாள் கிளம்பி வருகிறேன். "உன்னால அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியுமா?" என்று இவர் கேட்டார். ரயிலில் கழிவறைக்குப் பக்கத்து இடமாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். எல்லோரும் வேண்டாம் என்று ஒதுங்குகிற இடம், சுலபமாகக் கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்து நீ கண் விழிக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். நமக்குள்ளே யார் நோயாளி, யார் பார்த்துக்கொள்ள வந்தவர் என்று வார்டில் நர்ஸ் கேட்டால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீதான் யோசித்து வைக்க வேண்டும்.

உன் பாப்பா